அவன் தறியில் நான் உட்காராத இரண்டு நாள்

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்ததும் நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "இதே பாட்ட அவன் பாடியிருந்தா கடைசியில மேல ஏறியிருக்க மாட்டான். அப்பிடியே எறங்கி வந்து நம்ம பக்கத்துல ஒக்காந்திருப்பான்" என்றேன். பெரியவள் தட்டை அலம்பிக்கொண்டே கேட்டாள்: "செத்துப் போனவருக்கு இன்னும் எத்தினி வருஷம்ப்பா கச்சேரி வெச்சிகினு இருப்பீங்க?" சின்னவன் புரையேறச் சிரித்தான். உங்கள் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்கப்புறம் வீட்டில் உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சேவூர் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

என் பக்கத்துத் தறியில் நெய்த அந்தச் சினேகிதனுக்கு நான் நடத்தும் கச்சேரிகளில் பாதிகூட உங்களுக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொல்வது கொஞ்சம். தறியில் உட்கார்ந்தால் கால் மிதிக்கும், கை நூலோடு நாடாக் கட்டையைத் தள்ளும், மனசு அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். என் கற்பனையில் முதல் வருஷம் ரேடியோவில் காலை நேரத்தில் ஒரே ஒரு பாட்டு. அறிவிப்பாளர் அவன் பேரோடு ஆரணி என்று சேர்த்துச் சொல்வார். மூன்றாவது வருஷம் ஒரு கேசட். போளூர் பஸ் ஸ்டாண்டு கடையில் அது தொங்கும், மேலே இரவல் கோட்டு போட்ட அவன் படம். அப்புறம் வெளியூர் மேடைகள். அப்புறம் தொப்பை விழும், தலைக்கு மை பூசுவான். ஒரு நாள் வாடகைக் காரில் சேவூருக்கு வருவான். நம் வீட்டில் சாப்பிடாமல் போய்விடுவான். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். இல்லாத மனிதனோடு சண்டை போட்டு எத்தனையோ தடவை நூல் அறுந்திருக்கிறது.

சில நாள் அவனைத் தோற்கடித்தும் பார்த்திருக்கிறேன். ரேடியோவில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், திரும்பி வந்து தறியிலேயே உட்கார்ந்துவிட்டான் என்று. அது எனக்கு வசதியான கதை. ஆனால் அரை முழம் நெய்வதற்குள் அந்தக் கதை நிற்காது. அவன் பாட ஆரம்பித்துவிடுவான். பாடினால் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

எழுபதுகள் முடிகிற சமயம் நம் வீட்டில் இரண்டு தறி இருந்தது. இப்போது நீங்கள் பாய் போட்டுப் படுக்கிற இடத்தில்தான் அவன் தறிக்குழி. சிமெண்டு பூசி மூடியது நான்தான். ஒரே முதலாளிக்கு இருவரும் நெய்தோம். எட்டு வருஷம். காலையில் வந்து உட்காரும்போதே பாட்டு ஆரம்பிக்கும், சாப்பாட்டுக்கு எழும்போதுதான் நிற்கும். அவனுக்குத் தனியாக அசுரசாதகம் எதுவும் கிடையாது. தறிதான் சாதகம்.

ஊர்க் கல்யாணங்களில் பாடும் ஒரு மெல்லிசைக் குழுவில் அவன் இரண்டாவது பாடகன். சந்தோஷப் பாட்டெல்லாம் முதல் பாடகருக்கு. சோகப் பாட்டு மட்டும் இவனுக்கு. ஒரு வரவேற்பில் பெண்ணைப் பெற்றவர் மேடைக்கே வந்துவிட்டார்: "ஏம்ப்பா, இது கல்யாண வூடா, எழவு வூடா?" இவன் மைக்கை விடவில்லை. "இன்னும் ஒரே சரணம்தாங்க, பொறுத்துக்குங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுப் பாடினான். சமையல் பக்கமிருந்து பெண்கள் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள். அந்த அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். தொண்டையிலிருந்து வந்த குரல் இல்லை அது. வயிற்றுக்குள் யாரோ விளக்கு ஏற்றியது மாதிரி கீழிருந்து வரும். எனக்கு இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. ஒரு டேப்பில்கூட அந்தக் குரல் இல்லை.

மெட்ராஸ் ரேடியோவுக்கு எழுதிப் போட்டிருந்தான். ஒரு நாள் கடிதம் வந்தது: வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குரல் தேர்வு. தறியில் அப்போது ஒரு முகூர்த்தப் புடவை. வெள்ளிக்கிழமை தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும்.

"மச்சான், ரெண்டே நாளு. நீ என் தறியில ஒக்காரு. புதன்கெழம போயி வெள்ளிக்கெழம காத்தால வந்துடறேன்" என்றான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஊடை நூலை நெருக்கப் பலகையை இழுத்து அடிக்கும் அடி ஆளுக்கு ஆள் மாறும். ஒருவன் இறுக்கி அடிப்பான், இன்னொருவன் தளர அடிப்பான். பாதிப் புடவையில் ஆள் மாறினால் துணியின் நெருக்கம் மாறி, அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு தெரியும். பட்டை விழுந்தது என்போம். அதனால் ஒருவன் ஆரம்பித்த புடவையில் இன்னொருவன் உட்காருவதில்லை. இது எங்கள் எல்லோருக்கும் பால் குடிக்கும்போதே தெரிந்த விஷயம்.

"வேற கை பட்டா பட்டை வுழும்டா. முதலாளி மூஞ்சில எறிவாரு" என்றேன்.

"வுழுந்தா வுழுந்துட்டுப் போவுது. தாலி கட்ற நேரத்துல எவன்னா பொடவையில பட்டைய தேடிகினு இருப்பானா?"

அவனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த அவன் மனைவி வாசலில் நின்றபடி சொன்னாள்: "அனுப்பிடுங்கண்ணா. ரேடியோல பாடினாலாவது வூட்ல பாடறத நிறுத்துவாரு."

நான் சிரிக்கவில்லை. "பேஜார் பண்ணாதடா. ரேடியோ ஸ்டேஷன் எங்க ஓடிப் போவுது? அடுத்த தபா பாத்துக்கலாம்."

"அது ஓடாது மச்சான். நான்தான் ஓடணும்" என்றான். குழியில் இறங்கிக் காலைத் தொங்கவிட்டு நெய்ய ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவன் நாடாவை நிறுத்தினான். தலையை நிமிர்த்தித் தறிக்கு மேலே இருக்கும், புடவையில் பூ எடுக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றான். மெட்ராசில் பாட வைத்திருந்த பாட்டை அந்த மரப்பெட்டிக்குப் பாடினான். முழுசாக, ஒரு சரணம் விடாமல். முடித்துவிட்டு, "எப்பிடி சார்? தேறுமா?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தான். "ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு மச்சான்" என்றான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த ஐப்பசி மழையில் அவனுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், டாக்டரிடமும் காட்டினார்கள். கண் மஞ்சளான பதினோராம் நாள் போய்விட்டான். மறுபடியும் எழுதிப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கவில்லை.

அவன் தறியில் வேறொரு கல்யாணப் புடவை பாதியில் அப்படியே இருந்தது. காரியம் முடிந்து அவன் மனைவி வந்தாள். "அவரு வுட்ட எடத்துல அது நிக்குதுங்கண்ணா. பாக்க முடியல. நீங்களே நெய்ஞ்சி எறக்கிடுங்க" என்றாள். முதலாளியும் வந்தார். "யார வெச்சாலும் பட்டை வுழத்தான் போவுது. நீயே நெய்யி. ஆனா எறந்தவன் தறின்னு வெளில மூச்சு வுடாத. கல்யாண வூட்டுக்காரங்க தொட மாட்டாங்க" என்றார்.

ஆக, அவன் உயிரோடு கேட்டபோது உட்காராத தறியில் அவன் இல்லாதபோது உட்கார்ந்தேன். நான் ஆரம்பித்த இடம் தெரிவதற்காகக் கரையோரம் ஒரு சிவப்பு நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஐந்து நாள் நெய்தேன். உங்கள் அம்மா ரேடியோ போட வந்தாள். வேண்டாம் என்றேன்.

அறுத்த அன்று முதலாளி புடவையை வாசல் வெயிலில் விரிக்கச் சொன்னார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான்.

"எங்கய்யா ஆள் மாறினது?"

சிவப்பு நூலைக் காட்டினேன். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் நகத்தால் நூலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீவினார். தூக்கிச் சூரியனுக்கு எதிரே பிடித்தார்.

"யோவ், நூல தப்பான எடத்துல கட்டிட்டியா?"

"இல்லீங்க முதலாளி. இங்கதாங்க."

நானும் பார்த்தேன். குறுக்கே எந்தக் கோடும் இல்லை. அவன் துணி என் துணிக்குள் வந்து சேர்ந்திருந்தது.

"அட! ரெண்டு பேருக்கும் ஒரே அடிய்யா" என்றார் அவர், சந்தோஷமாக. "எட்டு வருஷமா அவன் பாட்டுக்குத்தானே மிதிச்சிகினு இருந்த? வேற எப்பிடி இருக்கும்? சரி, அந்த நூல எடுத்துடு, ஜல்தி. நான் போவணும்."

எடுத்தேன். அவர் புடவையை மடித்துச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். நான் வாசலிலேயே நின்றேன். அங்கேதான் மனசுக்குள் முதல் கச்சேரி ஆரம்பித்தது. புதன்கிழமை அவனை பஸ்ஸில் ஏற்றினேன். கையில் டிபன் பொட்டலம். நான் அவன் தறியில் உட்கார்ந்திருக்கிறேன், பட்டை விழவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு மரப்பெட்டி இருந்த இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்னொரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள்.

பிள்ளைகளே, பட்டை விழும் என்று நான் சொன்னது பொய் இல்லை. நம்பித்தான் சொன்னேன். ஆனால் அது மட்டும்தானா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவன் மெட்ராசுக்கே போய்விட்டால் பக்கத்துத் தறி சும்மா கிடக்கும், வீடு ஊமையாகிவிடும் என்று அன்றைக்கே நினைத்தேன். அந்த நினைப்பு முதலில் வந்ததா, பட்டை முதலில் வந்ததா? சில நாள் இது முதலில், சில நாள் அது. அதனால்தான் பல நாள் நான் ஒரு பாட்டை முழுசாக உட்கார்ந்து கேட்பதில்லை. பாதியில் எழுந்து போய்விடுகிறேன். உங்களிடம் எரிந்து விழுவதும் அந்த நேரத்தில்தான்.

அன்றைக்கு முதலாளியின் சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகு உள்ளே வந்தேன். உங்கள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அவன் குழியின் விளிம்பில் ஒரு கால் வைத்து ஏறி, தறியின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டு எக்கினேன். அவன் வணக்கம் சொல்லிப் பாடிய ஜக்கார்டு பெட்டியின் காலில் அந்தச் சிவப்பு நூலைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு, மீந்ததைப் பல்லால் கடித்து எடுத்தேன்.