முப்பத்தொன்பது டிகிரி காட்டிய குளிர்பெட்டி

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திருக்கொச்சி ராஜ்யமாக இருந்த காலத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் மருந்து ஸ்டோரில் நான் ஸ்டோர் கீப்பர். வைசூரிக்குக் குத்துகிற அம்மைப்பால் என் பொறுப்பு. அது எப்போதும் குளிரில் இருக்கவேண்டும். சூடு பட்டால் செத்துவிடும். செத்த மருந்தைக் குத்தினால் கை வலிக்கும், வைசூரியைத் தடுக்காது.

பல வருஷமாக ஐஸ் பெட்டியில்தான் வைத்திருந்தோம். அதற்குள் ஒரு பாரன்ஹீட் தெர்மாமீட்டர். தினமும் காலையில் ரெஜிஸ்டரில் '39' என்று எழுதுவோம். எல்லா நாளும் பார்த்துத்தான் எழுதினோமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிறகு ஐரோப்பாவிலிருந்து மின்சாரக் குளிர்பெட்டி வந்தது. கதவில் வட்ட டயல், சென்டிகிரேடு அளவு. முதல் நாள் முள் நாலில் வந்து நின்றது. எனக்கு வாயெல்லாம் பல். அப்போது எங்கள் சூப்பரின்டெண்ட் வந்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், நேர்மையானவர், ரெஜிஸ்டரைத் தவிர வேறெதையும் நம்பாதவர்.

"ஓய் பிள்ளைவாள், இதென்ன கூத்து? முப்பத்தொம்பது இருக்கவேண்டிய எடத்துல நாலு காட்டறதே! மருந்தெல்லாம் கல்லாட்டம் உறைஞ்சிருக்குமே!"

"சார், இது வேற அளவு. நாலை ஒம்பதால பெருக்கி அஞ்சால வகுத்தா ஏழு சொச்சம். அதோட முப்பத்திரண்டைக் கூட்டினா முப்பத்தொம்பது. ரெண்டும் ஒரே குளிர்தான்."

"ரெஜிஸ்டர்ல முப்பத்தொம்பதுன்னு இருக்கு. பெருக்கு, வகுன்னு எங்கயாவது இருக்கா?"

குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழை அவரே திருப்பினார். சாயங்காலத்துக்குள் முள் இருபத்தொன்பதுக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. பெட்டி அணைந்து கிடந்தது, உள்ளே ஸ்டோர் ரூம் சூடு. அதற்கு மேல் எங்கே ஏறும்? "இன்னும் பத்து டிகிரி வேணும். மெஷினுக்குப் பவர் போறலை" என்று வருத்தப்பட்டார் அவர். நான் 'சரி சார்' என்றேன். அந்தச் 'சரி சார்' இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

நாலு நாள் கழித்து, ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற வேக்சினேட்டர் தங்கையன் அந்த மருந்தை விழிஞ்ஞத்துக்குக் கொண்டுபோனார். கடற்கரைக் குடிசைகளில் வைசூரி தலைகாட்டியிருந்தது. குத்தி எட்டு நாளில் கையில் கொப்புளம் பொங்கினால்தான் மருந்து பிடித்ததாக அர்த்தம். ஒன்பதாம் நாள் தங்கையன் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணாச்சி, ஒரு பிள்ளை கையிலயும் பொங்கல. தாய்மாரு என்னை என்ன பேச்சு பேசினாளுவ தெரியுமா? மறுபடியும் ஊசி எடுத்துக்கிட்டு எந்த மூஞ்சியோட போவேன்?"

அன்றைக்கே புது மருந்து கேட்டு எழுதிப்போட்டேன்.

புது மருந்து வந்திறங்கிய அன்று, சூப்பரின்டெண்ட் சாப்பிடப் போன நேரத்தில் டயலின் கண்ணாடியைக் கழற்றினேன். வெள்ளைக் காகிதத்தில் பாரன்ஹீட் எண்களை எழுதி, பூஜ்யத்தின் மேல் 32, நாலின் மேல் 39, பத்தின் மேல் 50 என்று ஒட்டினேன். குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்தேன். மறுநாள் காலையில் முள் முப்பத்தொன்பதில் நின்றது.

"பாத்தேளா! விடாம ஏத்தினா ஏறத்தான் செய்யறது!" என்றார். பெரிய சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தங்கையன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மறுபடியும் குத்திவிட்டு வந்தார். இந்தத் தடவை ஒன்றிரண்டு பிள்ளைகளைத் தவிர எல்லோருக்கும் பொங்கியது. நிம்மதியாக மூச்சுவிட்டேன். ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை அந்த நிம்மதி.

சூப்பரின்டெண்ட் ஒரு சர்க்குலரை என்னிடம் நீட்டி டைப் அடிக்கச் சொன்னார். 'குளிர்பெட்டியின் முள் நாலில் நின்றால் உடனே முப்பத்தொன்பதுக்கு உயர்த்தவும். இங்கே அவ்வாறு உயர்த்திய பிறகே மருந்து நன்றாகப் பிடித்தது.' அதே மாதிரிப் பெட்டி ராஜ்யத்தில் எல்லா ஸ்டோருக்கும் போயிருந்தது. அங்கெல்லாம் காகிதம் ஒட்ட ஆள் ஏது?

அவரைக் கையோடு கூட்டிப்போய், அவர் கண் முன்னால் டயல் கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தைப் பிய்த்தேன். முள் அசையவில்லை. அடியில் நாலு.

சூப்பரின்டெண்ட் குனிந்து அந்த நாலைக் கிட்டத்தில் பார்த்தார். "அப்போ விழிஞ்ஞத்துல மொதல் தடவை குத்தினது?"

"நாம கெடுத்த மருந்து சார்."

சர்க்குலரை நாலாகக் கிழித்தார். மறுநாள், சர்க்கார் சாமானைச் சேதப்படுத்தியதற்காக எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். காகிதம் ஒட்டியது தப்புத்தானே, வாங்கிக்கொண்டேன். 'சரி சார்' என்றதற்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிகிரி எழுதினால் பக்கத்தில் எந்த அளவு என்றும் எழுதுங்கள். மேலதிகாரி தப்பாகத் திருப்பினால் அந்த இடத்திலேயே சண்டை போடுங்கள். நான் முதல் நாளே போட்டிருந்தால், விழிஞ்ஞத்துப் பிள்ளைகள் இரண்டாம் தடவை ஊசிக்குக் கையை நீட்டி அழுதிருக்க வேண்டாம்.