தண்ணி லாரி, இரண்டாம் பாகம்

உலகத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் ஜெயித்த கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று உண்டு. அந்த ஆள் நான்தான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. இணையத்தில் துழாவிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு கேமே கிடையாதும்மா" என்கிறார்கள். இப்போது கிடையாதுதான். தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் தெற்கு மாடவீதியை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக்கடை மாடியில் இருந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு பட்டம் வாங்கினேன், உத்தியோகத்துக்குப் போனேன், நாலு பேர் மதிக்கும்படி இருக்கிறேன். ஆனாலும் 'ஜெயித்தேன்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

அந்த விளையாட்டைச் செய்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கை நிறையச் சம்பளம் தந்த வங்கி வேலையை உதறிவிட்டு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யப் போனார். வீட்டில் அதைச் சாவுச் செய்தி போலக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். மாமாவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளை என்ன பண்றார்னு கேக்கறா. தண்ணி லாரி ஓட்டறான்னு சொல்லட்டுமா?" என்று அம்மா அவரை முகத்துக்கு நேராகவே கேட்பாள். மாமா சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை கேட்பார்.

அம்மா சொன்னதில் பொய்யில்லை. மாமா செய்த முதல் விளையாட்டின் பெயரே 'தண்ணி லாரி'. ஓட்டை டேங்கோடு ஒரு லாரி. அது ஒழுகி முடிவதற்குள் தெருக்கோடியில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் மாடு படுத்திருக்கும், ஆட்டோ குறுக்கே பாயும், கல்யாண ஊர்வலம் வரும். ஹாரன் அடித்தால் ஜனங்கள் ஒதுங்குவார்கள். லாரியைக் கண்ணால் பார்த்துவிட்டாலும் ஒதுங்குவார்கள். தண்ணீர் தீர்ந்துபோனால் குடத்தோடு நிற்கும் பெண்கள் திரையை நோக்கித் திரும்பி நம்மைத் திட்டுவார்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அது சக்கைப்போடு போட்டது. அடையாறிலும் தி.நகரிலும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு லாரி ஓட்டினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து ஒற்றைக் கம்ப்யூட்டரிலும் அது இருந்தது, ஓட்டி ஓட்டி எனக்குக் கை பழகியது. ஒரே ஒரு சங்கடம், ஒருவர் வாங்கினால் ஊரே காப்பி எடுத்துக்கொண்டது. மாமாவின் கம்பெனிக்குப் பேர் வந்த வேகத்தில் காசு வரவில்லை. இரண்டாம் பாகம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமா நம்பினார். கடன் கொடுத்தவர்களிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பெனி என்றால் மொத்தம் மூன்று பேர். மாமா புரோகிராம் எழுதுவார். அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வரவு செலவு பார்த்தார், அவர் எனக்குக் கணக்கு மாமா. சுத்தம், ஆசாரம் எல்லாம் தெய்வத்துக்கே இவர்தான் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று தோன்றும். மூன்றாமவர் படம் வரைகிற அண்ணன், பட்டினப்பாக்கத்துக்காரர், சினிமா பேனர் எழுதியவர். இரண்டாம் பாகத்துக்காக மயிலாப்பூரைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து, கோபுரம், குளம், பூக்கடை எல்லாவற்றையும் அப்படியே திரைக்குள் கொண்டுவந்திருந்தார்.

அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. கம்ப்யூட்டருக்கு ஏ.சி. உண்டு, மனிதர்களுக்கு அதில் மிச்சம்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். பார்க்கலாம், கீபோர்டைத் தொடக் கூடாது. என் விரலில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது கணக்கு மாமாவின் அபிப்பிராயம். அதில் நியாயம் இருந்தது என்றாலும் எனக்கு அவர்மேல் தீராத கோபம்.

இரண்டாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தை அவர்கள் யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அறுபத்துமூவர் திருவிழா அன்று கிழக்கு மாடவீதியில் லாரி புறப்பட வேண்டும். கோயிலைச் சுற்றிக்கொண்டு மேற்கே குளத்தங்கரைக்குப் போய்ச் சேர வேண்டும். வீதி நிறைய ஜனம், பல்லக்குகள், மேளம். மேளச் சத்தத்தில் ஹாரன் யார் காதிலும் விழாது. அதையும் மாமாதான் பெருமையோடு எழுதி வைத்திருந்தார். லாரி ஊர்வலத்தின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து தெற்கு மாடவீதி முனையைத் தாண்டுவதற்குள் டேங்க் காலி. கட்டத்தைக் கொஞ்சம் எளிதாக்கிவிடலாமே என்று கணக்கு மாமா சொல்லிப் பார்த்தார். மாமா ஒப்பவில்லை. "வழி இருக்குடா, நமக்குத் தெரியலை" என்பார். ஜெயித்தால் வருகிற கடைசிப் படத்தை அண்ணன் யாருக்கும் காட்டாமல் வரைந்து உள்ளே வைத்திருந்தார். ஜெயித்துத்தான் பார்க்க வேண்டும், குறுக்கு வழியில் பார்க்கக் கூடாது என்று மூவருக்கும் பேச்சு.

இந்த நிலைமையில் கம்பெனி திவாலானது. கடன் கொடுத்தவர்கள் விஜயதசமி அன்று சாயங்காலம் வந்து கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. நான் பொரிகடலைக்காகப் போயிருந்தேன். மானிட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பூச்சரம் சாத்தி, ஃப்ளாப்பிகளை அடுக்கி அதன்மேல் பட்டுத்துணி போர்த்தி, கணக்கு மாமா ஒரு குறையும் வைக்காமல் பூஜையை முடித்திருந்தார்.

"நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துண்டு போயிடுவா. இன்னிக்கு ஒரு தடவை கடைசிக் கட்டத்தை ஆடிப் பாத்துடலாமே" என்றார் மாமா.

"பூஜையில வெச்சாச்சு. புனர்பூஜை ஆகாம தொடப்படாது" என்றார் கணக்கு மாமா.

"நாளைக்கு நேரம் இருக்குமோ என்னவோ."

"தொடப்படாதுன்னா தொடப்படாது. காப்பி எடுக்கறது, ஆடறது, எதுவானாலும் நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை ஆனப்புறம்."

அந்த அறையில் அவர் சொன்னதற்கு மறுபேச்சுக் கிடையாது. நான் பொரியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நமக்குத்தான் இது ஆயுதம். இவளுக்கு இது விளையாட்டுச் சாமான். விளையாட்டுச் சாமானை யாராவது பூஜையில வெப்பாளா?"

கணக்கு மாமா என்னையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கடைசிப் படத்தைப் பார்க்க ஆசை இருந்தது என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது. கடைசியில் என்னிடம், "போய்க் கையைச் சோப்புப் போட்டு அலம்பிண்டு வா" என்றார். வருஷம் முழுக்க என்னைத் துரத்தியவர் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். நான் பட்டுப்பாவாடையை மடித்து அதில் உட்கார்ந்தபோது எனக்கு இருந்த மிதப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். எதை அமுக்க வேண்டும் என்று மாமா வாயால் சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். குங்குமப் பொட்டுக்குக் கீழே கோபுரம் எழுந்தது. மேளம் கொட்டியது. லாரி கிழக்கு மாடவீதியில் உறுமிக்கொண்டு நின்றது.

முதலில் நானும் எல்லோரையும் போலத் தெற்கே திருப்பினேன். ஊர்வலத்தின் பின்னால் மாட்டினேன். டேங்க் காலி, திட்டு வாங்கினேன். மறுபடி புறப்பட்டேன், மறுபடி திட்டு. "பல்லக்குக்கும் சுவருக்கும் நடுவுல விடு" என்றார் மாமா. "பூக்கடையாண்ட ஒடிச்சுப் பாரு பாப்பா" என்றார் அண்ணன். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த நாற்காலி இனி ஒருநாளும் கிடைக்காது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தோற்றுவிட்டு எழுந்திருந்தால், 'இவளுக்குப் போய்க் கொடுத்தோமே' என்று கணக்கு மாமா வாழ்நாள் முழுக்கச் சொல்லுவார்.

அடுத்த முறை புறப்பட்டபோது தெற்கே திரும்பவில்லை. அந்தப் பக்கம் கூட்டம், இந்தப் பக்கம் காலி, அவ்வளவுதான் நான் யோசித்தது. வடக்கே திருப்பினேன்.

பின்னால் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "ஐயையோ, அப்பிரதட்சிணமாப் போறாளே" என்றார் கணக்கு மாமா.

அப்போதுதான் மற்ற இருவருக்கும் உறைத்திருக்க வேண்டும். இத்தனை மாதமாக மூன்று பேரும் ஒரு தடவைகூடக் கோயிலை இடப்பக்கமாகச் சுற்றியதில்லை. யாரும் தடுக்கவில்லை, புரோகிராமில் தடையும் இல்லை. பிறந்ததிலிருந்து வலம் வந்தே பழகிய கை, விளையாட்டில்கூட வேறு பக்கம் திரும்ப மறுத்திருக்கிறது. மாமாவின் கையும் அப்படித்தான், பட்டினப்பாக்கத்து அண்ணனின் கையும் அப்படித்தான்.

"திருப்புடி, திருப்பு. சரஸ்வதி பூஜையும் அதுவுமா" என்று கணக்கு மாமா பதறினார்.

"போவட்டும் வுடு சார். லாரிதானே போவுது, சாமியா போவுது?" என்றார் அண்ணன்.

வடக்கு மாடவீதி பாதியில் ஊர்வலம் எனக்கு நேர் எதிரே வந்தது. வீதியை அடைத்துக்கொண்டு ஜனம். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆனால் எதிரே வருகிறவர்களுக்கு லாரி கண்ணுக்குத் தெரியுமே. இத்தனை நாளும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனவர்கள் இப்போது முகத்தோடு வந்தார்கள், லாரியைப் பார்த்தார்கள், ஒதுங்கினார்கள். முதல் வரிசை விலகியது, அடுத்த வரிசை விலகியது. பல்லக்குத் தூக்கிகள்கூட ஓரமாக நின்று வழி விட்டார்கள். மாமா "போ போ போ" என்று என் காதருகே முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். டேங்கில் அடிமட்டத்துக்குத் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே குளத்தங்கரை வந்துவிட்டது. ஒவ்வொரு குடமாக நிறைந்தது. பச்சை, நீலம், ரோஸ் என்று கடைசிக் குடம்வரை நிறைந்தது.

மேளம் நின்று கெட்டிமேளம் கொட்டியது. அண்ணன் ஒளித்து வைத்திருந்த படம் வந்தது. குளம் தளும்பத் தளும்பத் தண்ணீர், அதுவரை எங்களைத் திட்டிய பெண்களெல்லாம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நடுவில் லாரி. டிரைவர் மாலையும் கழுத்துமாகக் கீழே இறங்குகிறார். நெற்றி நிறைய விபூதி, மூக்குக் கண்ணாடி, காதில் பேனா.

கணக்கு மாமா குனிந்து பார்த்தார். "இது யாரு, நானா?"

"பின்ன, இந்த லாரிய இத்தினி நாளா ஓட்டிக்கினு இருந்தது யாரு சார்?" என்றார் அண்ணன்.

கணக்கு மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். பிறகு, ஆசாரம் அத்தனையும் மறந்து, பொரி ஒட்டிய என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி முத்தம் வைத்தார். மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அந்தச் சின்ன அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணன் மேசையைத் தட்டி மேளம் வாசித்தார். கீழே பாத்திரக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மாடியேறி வந்து, விஷயம் புரியாமலே அவரும் கை தட்டினார். அன்று எனக்கு ரோஸ்மில்க் கிடைத்தது, கேட்டதும் இன்னொன்று கிடைத்தது. எங்கள் தெருவில் ராணி மாதிரி நடந்து வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்கு அந்தக் கீபோர்டைத் தொட அனுமதி பெற்ற ஒரே கை என்னுடையதுதான். அந்தக் கையால் ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்ல, படித்த மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் நான் மாமாவோடு போனபோது வாசலில் வேன் நின்றது. சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள் விடிந்ததும் வந்துவிட்டார்கள். கணக்கு மாமா அவர்களைச் செருப்பைக் கழற்ற வைத்தார், புனர்பூஜை முடியும்வரை ஒரு பொருளைத் தொடவிடவில்லை. அவர்களும் பயபக்தியோடு நின்று, கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு, சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார்கள். அதன்பிறகு ஒரு நிமிஷம் தரவில்லை. மாமா ஃப்ளாப்பிகளை மட்டுமாவது கேட்டார். எல்லாம் சேர்த்துத்தான் என்று பட்டுத்துணியோடு மூட்டை கட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர்களை அழித்துத் துடைத்து யார் யாருக்கோ விற்றுவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம். மாமா தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. அவர் மறுபடி உத்தியோகத்துக்குப் போனார், கல்யாணம் ஆயிற்று, நன்றாகவே இருக்கிறார்.

ஆனால் அந்தக் காலையில் என் கணக்கே வேறு. நேற்று நான் ஜெயித்தேன், விளையாட்டு முடிந்துவிட்டது, அதனால் இன்று கடைகளுக்கு எடுத்துக்கொண்டு போக வண்டி வந்திருக்கிறது. இதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றுமே இல்லை. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய ஆளை நிறுத்தி, "அண்ணா, பத்திரமாக் கொண்டு போங்கோ. இதுக்குள்ள நான் ஜெயிச்ச கேம் இருக்கு" என்றேன். "சரி பாப்பா" என்று அவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"எல்லா ஊருக்கும் போகுமா?" என்று மாமாவைக் கேட்டேன்.

"போகும்" என்றார்.

வேன் புறப்பட்டது. நான் படியில் ஏறி நின்று, பாவாடை தடுக்க, இரண்டு கைகளையும் தூக்கி டாட்டா காட்டினேன். மாமாவும் கணக்கு மாமாவும் படம் வரைகிற அண்ணனும் என் பக்கத்தில் நின்று கையாட்டினார்கள். மூன்று பேரும் ஏன் போகிற வேனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கையாட்டினார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.