பேழையில் ஏற மறுத்த ஆடு

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுபவர். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் சுமையைத் தூக்க வேண்டும். கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்க வேண்டும். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்த வேண்டும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னும் அதே விரல், அதே முஷ்டி. அம்மா அவற்றைப் பார்த்துப் பரிமாறுவாள்.

சென்ற ஆண்டு ஒரு காய்ச்சலுக்குப் பின் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, என்ன சொன்னார்கள் என்று கேட்க அவளுக்குக் கூச்சம். சினிமாவுக்கும் கல்யாணங்களுக்கும் போவதை விட்டாள். ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள்.

கிறிஸ்துமஸுக்காக எங்கள் ஆலய வாலிபர்கள் வேதாகமக் காலத்து நகைச்சுவைக் குறும்படம் ஒன்றை எடுத்தார்கள். வெள்ளத்துக்குத் தப்பப் பேழை என்னும் மரக்கப்பலைக் கட்டும் முதியவராக நடிக்க அப்பா தாமே முன்வந்தார். காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார்.

"நான் நடிச்சா உங்கம்மா வந்து குந்துவா. ஒரு தபா சிரிச்சான்னா போதும்மா."

கடற்கரையில் படப்பிடிப்பு. எங்கள் வீட்டுப் படுக்கைவிரிப்பே அப்பாவின் அங்கி. வயரிங் வேலை பார்க்கும் என் அண்ணன்தான் இயக்குநர். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கைய ஆட்டாத நைனா! நீ பேழை கட்ற பெரியவரு, டிராபிக் போலீஸ் இல்ல."

அப்பா கைகளை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு வசனம் பேசினார்.

ஆலயக் கூடத்தில் திரையிட்டபோது அந்த வசனங்களில் பாதியைக் காற்று தின்றிருந்தது. ஜலப்பிரளயத்துக்கு முந்தைய உலகத்தின் பின்னணியில் அனல்மின் நிலையப் புகைபோக்கி புகைந்தது. சிரிக்க வேண்டிய இடங்களில் யாரோ இருமினார்கள். "வெள்ளம் சீக்கிரம் வந்தா ஊட்டுக்காவது போலாம்" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. அப்பா திரையைப் பார்க்கவில்லை; அருகிலிருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பேழையில் ஏற மறுத்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு கேமராவை நோக்கிப் பாய்ந்தது. திரையில் அப்பாவின் கை அங்கியைக் கிழிக்காத குறையாக வெளியே வந்து முஷ்டியாக உயர்ந்தது. ஆடு நின்றுவிட்டது.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள், கூடம் முழுவதிலும் அவள் ஒருத்தி மட்டும்.

முன்வரிசைப் பெண் திரும்பினாள். "இன்னாக்கா? இன்னா சொன்னாரு?"

அம்மா அவள் முகத்தைப் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்டாள். "நிப்பாட்டுன்றாரு. ஊட்ல கொழம்பு போதும்னாலும் இப்டிதான்" என்று முஷ்டியைத் தூக்கிக் காட்டினாள். அந்த வரிசை சிரித்தது. விஷயம் அடுத்த வரிசைக்குப் போனது. அப்பா, இப்போது படுக்கைவிரிப்பும் இல்லாததால், கைகளை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்து கேக்கும் தேநீரும் கொடுத்தார்கள். பெண்கள் நடுவே அம்மா நின்றிருந்தாள். வாசலிலிருந்து அப்பா வழக்கம்போல் விரலை மேல்நோக்கிச் சுழற்றினார். வீட்டில் அதற்குக் கிளம்பலாம் என்று பொருள்.

அம்மா, கேக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, முஷ்டியை உயர்த்தினாள்.