சுனாபட்டியில் திருப்பிய டாக்சி

போன பிப்ரவரியில் மும்பை போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தாராவியில் இருக்கும் என் அண்ணனுக்கு இதயம் பலவீனமாகி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. செம்பூர் மருத்துவமனை ஒன்றில் புதிய மாத்திரையைச் சோதிக்கும் ஆய்வில் சேர்ந்திருந்தார். துணைக்கு வரச்சொல்லி மதினி அழைத்தார். என் மகள் கல்யாணத்துக்கு எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன். அதனால் மாதுங்காவில் லாட்ஜ் எடுத்தேன். நாளுக்கு 1,800 ரூபாய். அறை சுமார்தான், பக்கத்தில் காலை ஆறு மணிக்கே நல்ல இட்லி கிடைக்கும்.

மறுநாள் எட்டு மணிக்குத் தாராவி போனபோது அண்ணன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக் காதர் பாய்க்குக் குழாய் கிடையாது. தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார், கடையநல்லூர்க்காரர். வரும் தண்ணீரில் பாதி அவருக்கு என்பது பல வருட ஏற்பாடாம். அவருக்கும் அண்ணனுக்கு உள்ள அதே நோய், அதே ஆய்வு.

மூவரும் டாக்சியில் கிளம்பினோம். செம்பூர் எட்டு கிலோமீட்டர், நெரிசலில் நாற்பது நிமிடம். தமிழ் டாக்டரம்மா கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்து, மீந்த மாத்திரைகளை எண்ணினார். “மாமா, நீங்க ரெண்டு பேரும்தான் ஒரு வேளைகூட விடாத பேஷண்ட்ஸ்!” புது டப்பாக்களைக் கொடுத்தார். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் மாவு; யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்றார்.

திரும்பும் வழியில், சுனாபட்டி அருகே, காதர் பாய் மடியில் கைக்குட்டையை விரித்தார். இரண்டு டப்பாக்களையும் அதில் கொட்டி, விரலால் கிளறி, மறுபடி நிரப்பத் தொடங்கினார்.

“என்ன பண்ணுதீங்க?”

“பாதிப் பாதி தம்பி. ரெண்டு மாசம் தின்னதுல எனக்குக் கால் வத்திருச்சு, உங்கண்ணனுக்கு வத்தல. அப்போ எங்கிட்டதான் அசல் இருக்கு. நான் மட்டும் பொழைச்சுக் கெடந்து என்னத்துக்கு?”

“நான் வேண்டாம்னுதாம்லே சொன்னேன். காதர் மச்சான் கேக்கணுமே,” என்றார் அண்ணன்.

வேதியியல் கற்பித்தவன் நான். அரை மருந்தில் இருவர் இதயமும் என்ன ஆகும்? இவர்களை நம்பி ஆய்வில் எடுக்கும் முடிவு நாளை எத்தனை பேரைப் பாதிக்கும்? டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

“க்யா சாப், குச் பூல் கயே?” எதை மறந்தோம் என்று கேட்டார்.

“லே, காட்டிக் குடுக்கவா இவ்வளவு தூரம் வந்தே?” என்றார் அண்ணன்.

விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிறகு டப்பாக்களை வாங்கி வைத்துக்கொண்டார். இனி இருவருக்கும் ஆய்வு மாத்திரை இல்லை. பழைய மருந்துகளும் பரிசோதனைகளும் தொடரும். “யாருக்கு அசல்னு இனிமேலாவது சொல்லலாமில்லாம்மா?” என்றார் காதர் பாய். “ஆய்வு முடியற வரைக்கும் எனக்கும் தெரியாது மாமா.”

மறுபடி தாராவிக்குக் கிளம்பினோம். எனக்கு எதிலும் பாதி தந்ததில்லை என் அண்ணன். அவருக்குத் தன் உயிரில் பாதி தர ஒருவர் இருந்தார், அதை நான் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். செய்தது சரிதான். இன்னமும் அப்படித்தான் சொல்வேன்.

உறவினரை இத்தகைய ஆய்வுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு: மாத்திரையை யாரோடும் பகிரக்கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். செம்பூருக்குப் பத்து மணிக்கு முன் கிளம்பினால் நெரிசலில் மாட்டுவீர்கள். ஊருக்கு ரயில் பிடிக்கக் குர்லா டெர்மினஸுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ரயிலேறிய அன்று காலை விடைபெறப் போனேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கனம் தூக்கக்கூடாது என்று இரண்டு பேருக்கும் உத்தரவு. நான் வாளியை எடுத்துக் காதர் பாய் வீட்டு டிரம்மில் ஊற்றினேன். டாக்சியைத் திருப்பிய நாள் முதல் என்னோடு பேசாத அண்ணன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதும்லே,” என்றார். “மிச்சம் நமக்கு.”