நோன்பு மாதத்துச் சட்டை

அலவத்துகொடவில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. நோன்பு மாதத்தில் ஊரே இளைக்கும். ஆளாளுக்குக் காற்சட்டையைக் கொண்டுவந்து இடுப்பைப் பிடித்துத் தரச்சொல்வார்கள். பக்கத்து வீட்டு மாமா மட்டும் நேர்மாறு. வருடாவருடம் அவருக்கு நோன்பில்தான் உடம்பு வைக்கும். பகலில் ஒளித்துச் சாப்பிடுகிறீர்களா என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேலி பண்ணுவேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

மனைவி மௌத்தானபின் தனியாகத்தான் இருந்தார். பிள்ளைகள் கட்டாரில் வேலை. அவருக்கென்ன குறை என்று ஊர் நினைத்தது, நானும் நினைத்தேன்.

போன வருடம், நோன்பு இருபத்தொன்பது. பெருநாள் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தார். நோன்புக்கு முன் எடுத்த அளவு. வயிற்றில் பட்டன் இழுத்தது. பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தருகிறேன் என்றேன்.

"வாணாம் மகன். பெருநாள் முடிஞ்சி கொஞ்ச நாள்ல தானா சரியாகிடும்."

ஏதோ மழை விடும் என்பதுபோலச் சொன்னார். அதெப்படி என்று விடாமல் கேட்டேன். பிள்ளைகளிடமிருந்து ஒன்றும் வருவதில்லையாம். மற்ற மாதங்களில் காலையில் ஒரு பிளேன்டீ, பின்னேரம் ஒரு துண்டு பாண், அவ்வளவுதான். நோன்பு வந்தால் பள்ளிவாசலில் கஞ்சி, நோன்பு திறக்க நாலு வீட்டிலிருந்து தட்டு, விடியுமுன் சஹருக்குச் சோறு. வாய்விட்டுக் கேட்காமலே வரும். பெருநாளோடு எல்லாம் நின்றுவிடும். எங்கள் வீட்டுத் தட்டும் அப்படித்தான்.

எங்கள் குசினியில் வெங்காயம் வதக்கினால் அவர் வீட்டுக்கு மணக்கும். பசித்தவனை நினைத்துப் பார் என்று மாதம் முழுக்கப் பள்ளிவாசல் பயானில் கேட்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் மற்ற பதினொரு மாதமும் பசித்துக் கிடந்திருக்கிறார். பிள்ளைகள்மீது வந்த ஆத்திரம் ஊர்மீதும் வந்தது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நின்றோம். பிறை தெரிந்துவிட்டதாக வானொலியில் சொன்னதும் பட்டாசு வெடித்தது, ஆளை ஆள் கட்டிப்பிடித்தார்கள். மாமா காலிக் கஞ்சிப் பாத்திரத்தோடு ஓரமாக நின்றார்.

"பிறை தெரியாட்டி இன்னொரு நோன்பு கெடச்சீக்கும்," என்றார்.

பக்கத்தில் நின்றவர், இந்த வயதிலும் என்ன ஈமான் என்று நெகிழ்ந்துபோனார். நான் அந்தப் பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நாளைக்கும் நிறைத்துக் கொண்டுவருவேன், அடுத்த நாளும் வருவேன் என்றேன்.

மாமா விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"நோன்புதான் முடிஞ்சிட்டே, மகன்."