பிற குறிப்புகள்

அருங்காட்சியகத்தில் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் கார்டு அக்கா. வருகிற பொருள் எதுவானாலும் அளந்து, எடை போட்டு, ஒரு கார்டில் எழுதி இழுப்பறையில் சேர்ப்பதுதான் முப்பத்தொரு வருஷமாக அவர் வேலை. அளவு, எடை, சேதம் எல்லாம் எழுதி முடித்தால் அடியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு கட்டம் மிச்சமிருக்கும். அதை ஒருவரும் படிப்பதில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த வருஷமே அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று. வாய் சும்மா இருக்காத மனுஷி, கை மட்டும் சும்மா இருக்குமா? ஒரு களிமண் குதிரைக்கு, "முகத்தைப் பார்த்தால் மாமியார் வீட்டுக்குக் கிளம்பியது போல் இருக்கிறது" என்று எழுதினார். ஒரு ராஜா சிலைக்கு, "தொப்பையைச் சிற்பி பாதியாகக் குறைத்துவிட்டார், சந்தேகமே இல்லை" என்று எழுதினார்.

இப்போது நாற்பதாயிரம் கார்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். அவற்றைப் படித்துப் பழகி, கிடங்கில் இன்னும் கார்டு போடாமல் கிடக்கும் மற்றப் பொருள்களுக்குச் செயற்கை நுண்ணறிவே விவரம் எழுதுமாம். விஷயம் அக்கா காதில் விழுந்தது. ஓய்வுபெற ஆறே மாதம். இத்தனை வருஷம் யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் ஓட்டியாயிற்று, கடைசியில் இப்படியா மானம் போகவேண்டும்?

கார்டுகளை ஏற்றிய கம்ப்யூட்டர்காரரிடம் ஓடினார். "சார், அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுட்டீங்கதானே?"

"ஒரு எழுத்து விடலக்கா!" என்றார் அவர் பெருமையாக.

மறுநாள் காலை வெள்ளோட்டம். இயக்குநர் அம்மா சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வருகிறவர். ஒரு கல் தலையை அளவுகோலோடு படம் எடுத்துக் காட்டினார்கள். திரையில் எழுத்து ஓடியது: "கல் தலை. உயரம் இருபத்தாறு சென்டிமீட்டர். மூக்கு போய்விட்டது. அதற்காக விறைப்பைக் கொஞ்சமும் குறைத்துக்கொள்ளவில்லை."

"யாரு பண்ண வேலை இது?" என்றார் இயக்குநர்.

"நான்தான் மேடம். இது எழுதலை, ஆனா இந்த மாதிரி நிறைய எழுதியிருக்கேன்" என்றார் அக்கா.

"அந்தக் கட்டத்தை எடுத்துட்டு ஓட்டுங்க."

கம்ப்யூட்டர்காரர் மதியம்வரை மல்லுக்கட்டி எடுத்தார். மறுபடி அதே படம். "கல் தலை. உயரம் இருபத்தாறு சென்டிமீட்டர். மூக்கு உடைந்தது." தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்க்க வந்திருந்த காவலாளிகள்கூடக் கொட்டாவி விட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

இயக்குநர் கலைந்து போகிறவர்களைப் பார்த்தார். "பழசையே போடுங்க" என்றார். விறைப்பு வரி வந்தபோது அடக்க முடியாமல் சிரித்தேவிட்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "கிடங்குல மூவாயிரம் பொருள் மிச்சம் இருக்கு. ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிஞ்சவரைக்கும் எழுதிக் குடுங்க."

"அதான் மெஷினே எழுதுதே மேடம்?"

"அது உங்க கார்டைப் பார்த்து எழுதுது. நீங்க பொருளைப் பார்த்து எழுதுங்க."

அக்கா ஒரு கட்டு வெற்றுக் கார்டுகளை எடுத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கிடங்குக்கு நடந்தார்.