ஒரு வாய் தண்ணீர்

எங்கள் தீயணைப்பு ஸ்டேஷன் ஆட்கள், எரிந்த இடத்தில் தீ அணைந்ததும் உடனே வெளியே வந்துவிட மாட்டோம். அதற்கு முன்னால் ஒரு சடங்கு இருக்கிறது. ஹோஸின் பித்தளை வாயைப் பிராஞ்ச் என்போம். அதைப் பிடித்து முன்னால் நின்றவன் முதலில் தன் முகமூடியைக் கழற்றி, "ஆய்து" என்பான். கன்னடத்தில் முடிந்தது என்று அர்த்தம். உடனே நாங்களும் கழற்றுவோம். அவன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பின்னால் நிற்பவனிடம் நீட்டுவான். பாட்டில் கைமாறிக் கடைசி ஆள்வரை போகும். வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். கடைசி ஆள் குடிக்கும்வரை ஒருவரும் வாசலைத் தாண்டக் கூடாது.

யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நாமும் செய்கிறோம், அவ்வளவுதான். ஏதோ அரண்மனை சம்பிரதாயம் மாதிரி அதில் எல்லாருக்கும் ஒரு வீராப்பு. எனக்கும் இருந்தது. சொந்தத் தம்பி குடித்த டம்ளரைக் கழுவாமல் தொடாதவன் நான், அந்தப் பாட்டிலை மட்டும் சட்டையில்கூடத் துடைக்காமல் குடிப்பேன்.

ஆனால் பொங்கி எரியும்போது வருவதைவிட, அணைந்த பிறகு வருகிற புகைதான் பொல்லாதது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெயின்டும் பிளாஸ்டிக்கும் ரெக்ஸினும் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும். முகமூடியைக் கழற்றாதே என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லித் தருகிறார்கள். நாங்கள் எல்லாரும் தலையாட்டிக் கேட்டவர்கள்தான்.

வெகுகாலம் பிராஞ்ச் பிடித்தவன் என் சிநேகிதன். அவன் பின்னால் ஹோஸைத் தாங்கிப் பிடித்தவன் நான். ஸ்டேஷனில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் எல்லையோரத்து ஹனூர்ப் பக்கம். நான் இங்கே மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால், என் தமிழைக் கேட்டு, "ஏனுங் மைசூர்பாகு, இது எந்த ஊர்ப் பாஷைங்?" என்று கிண்டல் செய்வான். முன்னால் நிற்கிறவன் என்பதால் முதலில் கழற்றுகிறவனும் அவன், அதிகம் குடித்தவனும் அவன். தண்ணீரைச் சொல்லவில்லை, புகையைச் சொல்கிறேன்.

ஹெப்பாள் பக்கத்தில் ஒரு பெயின்ட் குடோன் எரிந்ததற்குப் பிறகு அவனுக்கு இருமல் நிற்கவில்லை. பீடி, சிகரெட் தொடாதவன். நுரையீரல் கெட்டியாகிவிட்டது, இனி இளகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவி மாதேஸ்வரன் மலைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். கடைசி நாட்களில் படுத்தால் மூச்சு முட்டும் என்று அவன் தலையணைகளை மடியில் அடுக்கி, அதன்மேல் சாய்ந்தபடியே கிடந்தான். ஒரு நாள் அப்படியே போய்விட்டான்.

காரியம் முடிந்த அன்று அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழவில்லை. "அண்ணா, அவரு எல்லாம் சொல்லியிருக்காருங்க. அந்தப் பாட்டில நிறுத்திப்போடுங்க. இன்னொருத்தி உக்காந்து இந்த இருமலக் கேக்கக் கூடாது" என்றாள். சரிம்மா என்றேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஏப்ரலில் தீயணைப்பு நாள் வந்தது. சட்டையில் சின்னக் கொடி குத்திக்கொண்டு மைதானத்தில் வரிசையாக நின்றோம். பணியில் உயிர் விட்டவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அவன் பெயர் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தவன் தீயில் செத்தவன் ஆக மாட்டானாம். மௌனமாக நின்ற அந்த இரண்டு நிமிஷமும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பையன்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் சடங்கில் புதிதாக ஒன்று சேர்ந்தது. பிராஞ்ச் பிடித்தவன் குடிப்பதற்கு முன்னால், ஒரு வாய்த் தண்ணீரை என் சிநேகிதன் பெயரைச் சொல்லித் தரையில் ஊற்ற ஆரம்பித்தார்கள்.

ஸ்டேஷனில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினேன். பேசினேன் என்ன, கத்தினேன். அவனைக் கொன்றது இந்தப் பாட்டில்தான்டா, அதையே அவனுக்குப் படைக்கிறீர்களே என்றேன். வெளியே வந்து ஆளுக்கொரு பாட்டில் குடியுங்கள், நானே வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். இப்போது பிராஞ்ச் பிடிக்கிறவன் மண்டியா பக்கத்துப் பையன், நல்ல வேலைக்காரன். அவன் கன்னடத்தில் நிதானமாகத்தான் கேட்டான்: "மேலே இருப்பவர்கள் அவரை மறந்துவிட்டார்கள். நாமும் மறந்துவிடலாமா அண்ணா?" அவன் அதைப் பாசத்தில்தான் கேட்டான், அதுதான் என்னை முடக்கிப்போட்டது.

சரி, சொல்லிக் கேட்க மாட்டார்கள், செய்துதான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். இருப்பதிலேயே மூத்தவன் நான். நான் குடிக்காவிட்டால் சடங்கு அங்கேயே அறுந்துவிடும் என்று நம்பினேன்.

தேவராஜ மொஹல்லாவில், பிளாஸ்டிக் சாமான் விற்கும் கடைக்குப் பின்னால் இருந்த குடோன் பற்றிக்கொண்டது. நல்ல பகல். குடங்களும் வாளிகளும் உருகி ஒரே கட்டியாகிக் கிடந்தன. அணைத்து முடித்ததும் பையன் கழற்றினான், "ஆய்து" என்றான். எல்லாரும் கழற்றினார்கள். தரையில் ஒரு வாய் ஊற்றினான். பாட்டில் கைமாறிக் கடைசியில் நின்ற என்னிடம் வந்தது. நான் முகமூடியைக் கழற்றவில்லை. தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வாசலைக் காட்டினேன்.

ஒருவனும் நகரவில்லை.

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. கடைசி ஆள் குடிக்காமல் யாரும் தாண்டக் கூடாது அல்லவா? நின்றார்கள். "குடிரி அண்ணா" என்று பையன் முன்னாலிருந்து வந்து பாட்டிலை வாங்கி என்னிடம் நீட்டியபடியே இருந்தான். அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஒருவன் இருமத் தொடங்கினான், இன்னொருவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். போங்கடா போங்கடா என்று முகமூடிக்குள்ளிருந்து கத்தினேன். பக்கத்தில் நின்றவனைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினேன், கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றான். என் முதுகில் சிலிண்டர் இருந்தது, நல்ல காற்றை இழுத்துக்கொண்டு நான் நிற்கிறேன். எனக்காக அவர்கள் அந்த விஷத்தை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் எவ்வளவு நேரம் பிடிவாதம் பிடிக்கிறேனோ அவ்வளவு நேரமும் அது அவர்களுக்குள்ளே போகும்.

கழற்றினேன். குடித்தேன். எல்லாரும் வெளியே வந்தார்கள்.

வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பையன் என்னைக் கட்டிக்கொண்டான். "நீங்க அவரை மறந்துட்டீங்களோன்னு பயந்துட்டோம்ணா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். எனக்காகத் தமிழில் சொன்னான். அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் தோளில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஹோஸைச் சுருட்டினேன். இனி இதை நிறுத்த என்னால் ஆகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் விடுப்பு. சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். அவள் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடித்ததும் கேட்டாள்.

"அதச் சொன்னீங்களா அண்ணா? நிறுத்திப்போட்டாங்களா?"

"நிறுத்தியாச்சும்மா" என்றேன்.

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"நேத்து எங்காச்சும் தீயுங்களா?" என்றாள். "அவருக்கும் மறுநாள் இப்படித்தானுங்க தொண்ட கட்டிக்கும்."